பன்னிரண்டு தண்ணீர்

ஒளிச்சேர்க்கையின் சமன்பாடு ரெண்டு விதமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றில், 6 கார்பன் டை ஆக்ஸைடும் 6 தண்ணீரும் சேர்ந்து ஒரு குளுக்கோஸும் 6 ஆக்ஸிஜனும் ஆகும். இன்னொன்றில் இடப்பக்கம் 12 தண்ணீர். வலப்பக்கம் குளுக்கோஸ், ஆக்ஸிஜனுக்குப் பின்னால் வால் மாதிரி 6 தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

என்னிடம் ட்யூஷன் வரும் பதினொன்றாம் வகுப்புப் பெண் கணக்கில் புலி. இரண்டாவதைப் பார்த்ததும் பென்சிலை எடுத்துவிட்டாள். “அக்கா, தண்ணி ரெண்டு பக்கமும் இருக்கே. ஆறை அடிச்சிட்டா முடிஞ்சுது. எதுக்கு இப்படி நீட்டுறாங்க?”

“அடிக்காதே”ன்னு சொல்லிட்டேன். ஏன்னு சொல்லணுமே. நடத்த வேண்டிய பாடம் கிடக்க, அன்றைய சாயங்காலம் இதிலேயே போனது.

வெளியே வரும் 6 ஆக்ஸிஜன் மூலக்கூறுகளில் 12 அணுக்கள். 6 கார்பன் டை ஆக்ஸைடிலும் சரியாக 12. இலை கார்பனை வைத்துக்கொண்டு ஆக்ஸிஜனைத் துப்பிவிடுகிறது என்று யாருக்கும் தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் ரொம்ப காலம் அப்படித்தான் தோன்றியது. 1930-களில் வான் நீல் என்பவர் ஊதா நிறக் கந்தக பாக்டீரியாக்களைக் கவனித்தார். அவை தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது ஆக்ஸிஜன் அல்ல, கந்தகம். அப்படியானால் செடி உடைப்பது தண்ணீரைத்தானே?

1941-இல் பெர்க்லியில் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழு இதைச் சோதித்தது. சாதாரண ஆக்ஸிஜனைவிடக் கனமான ஆக்ஸிஜன்-18 கலந்த தண்ணீரில் குளோரெல்லா பாசியை வளர்த்தார்கள். வெளிவந்த வாயு தண்ணீரின் அடையாளத்தோடு வந்தது. அடையாளத்தைக் கார்பன் பக்கம் மாற்றி வைத்தபோது அது வாயுவில் வரவில்லை. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன், உடைந்த தண்ணீர்.

12 ஆக்ஸிஜன் அணு வேண்டுமென்றால் 12 தண்ணீர் உடைய வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் 24 ஹைட்ரஜனில் பாதி குளுக்கோஸுக்குப் போகும். மீதிப் பாதி, கார்பன் டை ஆக்ஸைடில் மிஞ்சிய 6 ஆக்ஸிஜனோடு சேர்ந்து புதுத் தண்ணீராகும். வலப்பக்கத் தண்ணீர் வேற தண்ணீர். பேர் ஒண்ணு, ஆள் வேற. அடித்துவிட்டால் கணக்கு சரியாத்தான் வரும், நடந்தது மட்டும் காணாமல் போகும். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலப்பக்கத் தண்ணீரை மட்டும் வேறு நிறத்தில் வட்டம் போட்டாள்.

ரூபன், கேமன் பேரை நான் படித்த எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை, நான் தாவரவியல் பட்டதாரி. அதற்கு முந்தைய வருஷம், 1940-இல், கார்பன்-14-ஐக் கண்டுபிடித்ததும் இதே இருவர்தான். கார்பன் செடிக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. அவர்களுக்கு அதற்கு நேரம் வாய்க்கவில்லை. போர்க்கால ஆய்வில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு தாக்கி 1943-இல் ரூபன் இறந்தார். வயது 29. கேமன்மீது உளவுச் சந்தேகம் விழுந்து 1944-இல் வேலை போயிற்று. பல வருஷம் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, வழக்குப் போட்டுத்தான் வாங்கினார்.

கார்பன்-14-ஐ வைத்து அந்த வழியைக் கண்டறிந்ததற்காக 1961-இல் மெல்வின் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வேலை செய்ததும் பெர்க்லியில்தான்.