அம்மாவின் அரக்குப் பட்டு

எங்கள் வீட்டுத் தையல் மிஷின் சமையலறை வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே தைக்கலாம். இரண்டு கையில் நாலு வேலை, உங்கள் வீட்டிலும் இப்படித்தானே!

போன தீபாவளிக்கு, காலமான என் அம்மாவின் அரக்குப் பட்டுப் புடவையில் மகளுக்குப் பாவாடை தைத்தேன். கத்திரி வைக்கவே இரண்டு நாள் மனசு வரவில்லை. பருத்தித் துணியென்றால் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, சுருங்கின பிறகு வெட்டுவேன். பட்டுக்கு அது ஆகாதே. நேராக வெட்டி, இடுப்பில் சுருக்கம் வைத்து, கரையையும் பொருத்தியாயிற்று. கடைசியாக இஸ்திரி.

அப்போதுதான் பால் பொங்கி வழிகிற வாசனை. ஓடினேன். அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சரியாக நிமிர்த்தவில்லை. திரும்பி வந்தால், முனை பட்ட இடத்தில், முழங்காலுக்குக் கீழே, ஒரு ரூபாய் அளவுக்குத் தீய்ந்த கறை!

அழுகைதான் வந்தது. மாமியார் எடுத்துப் பார்த்தார். "அழுதா கறை போயிடுமா? வளர்ற பொண்ணு, எப்படியும் டக் பிடிக்கணும். அதை இங்கேயே பிடியேன்" என்றார். ஒன்றரை அங்குல டக். கறை உள்ளே போய்விட்டது. மகள் உடுத்திக்கொண்டு தட்டாமாலை சுற்றினாள். யார் கண்ணுக்கும் படவில்லை.

இப்போதெல்லாம் இஸ்திரி மத்தியானம்தான், அடுப்பை அணைத்த பிறகு.

ஆனால் பெண் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாள். "டக்கைப் பிரிச்சு விடும்மா" என்று நச்சரிக்கிறாள். அம்மா புடவையில் மிச்சம் வைத்த கரைத் துண்டைப் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.