கல்லணையிலிருந்து கால்நடையாக

பிரயாணம் என்று சொன்னவுடனே நம்மவர்களுக்கு மலையும் அருவியும் ஞாபகத்துக்கு வருகின்றன. இல்லாவிட்டால் க்ஷேத்திரங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. வயல்களைப் பார்த்துவிட்டு வரலாமென்று மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் மிகவும் சொற்பம். ரயில் ஜன்னலுக்கு வெளியே பச்சையாக எது தெரிந்தாலும், "அதோ பார், நெல்லுப் பயிர்!" என்று குழந்தைக்குக் காட்டிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துக்கொள்கிறோம். அது கோரைப் புல்லாக இருந்தாலும் குழந்தைக்குத் தெரியப்போவதில்லை. நமக்குத் தெரியுமா என்பதும் சந்தேகந்தான்.

நாள் தவறாமல் உண்ணும் சோறு எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு, கல்லணையிலிருந்து திருவையாறு வரையில் காவேரிக் கரையோடு நடந்து போவதைக் காட்டிலும் நல்ல வழி ஒன்றில்லை. அவசரமில்லாமல் நடந்தால் இரண்டு நாள். மலை ஏற வேண்டாம். மூச்சு வாங்க வேண்டாம். மார்கழிக் கடைசியும் தை ஆரம்பமும் இதற்குத் தகுந்த காலம். அடைமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கடுமை கொண்டிராது. சம்பாப் பயிர் கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கும். ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது வழக்கம். பிற்பாடு போனால் காவேரியைப் பார்க்க முடியாது, மணலைத்தான் பார்க்கலாம்.

நாமும் நகரவாசியான நண்பர் ஒருவரும் ஒரு மார்கழி மாதக் காலையில் கல்லணையிலிருந்து கிளம்பினோம்.

கல்லணையைப் பார்த்ததும் சிலருக்கு ஏமாற்றம் உண்டாகக்கூடும். வானளாவிய சுவர் எதுவும் இல்லை. ஏறக்குறைய 1,080 அடி நீளத்துக்கு, வளைந்து நெளிந்து படுத்திருக்கும் கல் வரம்பு. அதன் மேலே பிற்காலத்தார் கட்டிய மதகுகளும் பாலமும். கரிகாற் சோழன் கட்டியது என்பது வழிவழியாக வந்த செய்தி. ஆழங்காண முடியாத ஆற்று மணலில் பெரிய பெரிய கற்களைக் கொண்டுவந்து போட்டு, அவை தாமாகவே அமிழ்ந்து நிலைத்தபின் மேலே மேலே அடுக்கி, களிமண்ணால் பிணைத்திருக்கிறார்கள். கும்பினி ஆட்சியில் இங்கே வந்த ஆர்தர் காட்டன் என்னும் எஞ்சினீயர், மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றுக்கொண்டதாக மனந்திறந்து ஒப்புக்கொண்டிருக்கிறார். 1836-இல் அவர் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். பின்னால் கோதாவரியிலும் அந்த வித்தையைக் கையாண்டார். நமக்கு எஞ்சினீயரிங் சாஸ்திரம் மேல்நாட்டார் கற்பித்தது என்று எண்ணுவோர் ஒரு முறை இங்கே வந்து நின்று பார்ப்பது நல்லது.

ஆனால் கல்லணையின் பெருமை அதன் வயசில் மட்டும் இல்லை. மற்ற அணைகள் தண்ணீரைத் தேக்குகின்றன. இந்த அணை தண்ணீரைப் பங்கிடுகிறது. காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்றுக்கும் பாசனத்துக்கு வேண்டியதை அளந்து விட்டு, வெள்ளத்தில் மிஞ்சியதைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுகிறது. கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணையோடு 1934-இல் வந்தது. ஊர் ஜனங்கள் இன்றைக்கும் அதைப் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள். தொண்ணூறு வருஷம் ஆகியும் அது புதிதாகவே இருக்கிறதென்றால், இந்தப் பிரதேசத்தில் 'பழையது' என்பதற்கு எவ்வளவு வயசு வேண்டுமென்று யூகித்துக்கொள்ளலாம்.

தோகூரைத் தாண்டிக் கோவிலடி வரையில், வலது பக்கம் காவேரி, இடது பக்கம் கொள்ளிடம். நடுவே ஒரு நீண்ட நிலத்துண்டு. வாழைத் தோட்டங்களின் நிழலிலேயே வெகுதூரம் போய்விடலாம். கோவிலடியில் பெருமாளுக்கு அப்பக்குடத்தான் என்று திருநாமம். இரவு தோறும் அவருக்கு அப்பம் நைவேத்தியம் உண்டு. நாம் போய்ச் சேர்ந்ததோ காலை வேளை! நண்பர் பெருமூச்சு விட்டதற்குப் பக்தி ஒன்றே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம்.

கரையில் நடக்கையில் ஒரு விஷயம் மெல்ல மெல்லப் புலனாகிறது. ஆறு மேலே இருக்கிறது. வயல் கீழே இருக்கிறது. வருஷா வருஷம் வண்டலைக் கொணர்ந்து கொட்டி, ஆறு தன் படுகையைத் தானே உயர்த்திக்கொண்டிருக்கிறது. ஆகையினால் ஏற்றமும் இறைவையும் இல்லாமலே, மதகைத் திறந்தால் தண்ணீர் தானே இறங்கி வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் போகிறது. இதற்குக் கரை பலமாக இருக்கவேண்டும். கரை உடைந்தால் பாலும் தேனும் பாயும் பூமி ஒரே இரவில் ஏரியாகிவிடும். நாம் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டு நடந்த பாதை, உண்மையில் பல்லாயிரம் குடும்பங்களின் காப்புச் சுவர்.

பிறகு ஆற்றைக் கடந்து திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தோம். இங்கே காவேரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரிகிறது. இவ்விடத்திலிருந்து கிழக்கே நடுக்காவேரி மார்க்கமாகப் போகும்போது இருபுறமும் நெல் வயல்கள். ஒரு வயல் பொன்னிறம். குறுவை அறுத்த பின் தாமதித்து நட்ட தாளடி வயல் இன்னும் பச்சை. வரப்பில் கொக்குகள் தவம் செய்கின்றன. தந்திக் கம்பத்தில் மீன்கொத்தி உட்கார்ந்து வாய்க்காலைக் குறி பார்க்கிறது. ஒரு வயலில், அறுவடைக்கு நிற்கும் பயிருக்குள்ளேயே ஒரு மனிதர் எதையோ வீசிக்கொண்டு போனார். "விளைந்த பயிருக்குள் எதற்கு விதை?" என்று நண்பர் கேட்டார். அது உளுந்து. அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னதாகச் சேற்று ஈரத்தில் தெளித்துவிட்டால், நெல்லை அறுக்கும்போது அது முளைத்திருக்கும்; அப்புறம் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைந்துவிடும். தனியே உழவில்லை, தண்ணீர் பாய்ச்சல் இல்லை. "நாளைக்கு இட்லி சாப்பிடும்போது எனக்கு வேறு மாதிரி ருசிக்கும்" என்றார் நண்பர்.

இன்னும் சற்றுத் தூரத்தில், தாளடிப் பயிருக்குச் சொந்தக்காரரான முதியவர் ஒருவர் மண்வெட்டியால் தம் மடையை அடைத்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் நிறையவே ஓடிற்று.

"ஏன் பெரியவரே, தண்ணீர் இவ்வளவு இருக்கிறதே, அடைக்கிறீர்களே?" என்று கேட்டோம்.

"நம்ம முறை முடிஞ்சுதுங்க. கீழே இருக்கிறவங்க காத்துக்கிட்டிருப்பாங்க இல்லீங்களா?" என்று சொல்லிவிட்டு, மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார்.

காவேரி டெல்டாவின் தர்ம சாஸ்திரம் முழுவதும் இந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது என்று நமக்குத் தோன்றிற்று. உலகத்தில் பெரும்பாலான நதிகள் போகப்போக உபநதிகளைச் சேர்த்துக்கொண்டு அகலமாகின்றன. காவேரியோ கல்லணைக்குக் கிழக்கே போகப்போக ஒடுங்குகிறது. இங்கே ஒரு ஆறு, அங்கே ஒரு வாய்க்கால் என்று கொடுத்துக்கொண்டே போய், பூம்புகாரில் கடலைச் சேரும்போது ஒரு வாய்க்கால் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. மோட்டாரில் போகிறவர்களுக்கு இது தெரியாது. காலால் நடப்பவன் ஒவ்வொரு மதகையும் தாண்டும்போது, இத்தனை பேர் எடுத்த பிறகும் கடைமடைக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியாது.

அந்தக் கவலை வீண் கவலை அல்ல. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. 2020-இல் வழக்கம் மீண்டது. 2024-இல் மறுபடி தவறிப்போய் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். 1990-இல் அமைந்த நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்புச் சொல்லிற்று. சுப்ரீம் கோர்ட் 2018-இல் அதைத் திருத்தி, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருஷந்தோறும் 177.25 டி.எம்.சி. விடவேண்டுமென்று விதித்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. தீர்ப்பு நமக்கு அவசியம். அதற்காகப் போராடியதும் நியாயம். ஆனால் மேலேயிருக்கும் ராஜ்யத்திடம் நாம் கேட்கிற நீதியை, நம் வாய்க்காலில் கீழேயிருக்கும் அண்டை வயல்காரருக்கு நாம் கொடுக்கவேண்டும் அல்லவா? மேலும், ஆற்று மணலை வரம்பு மீறி அள்ளிய இடங்களில் படுகை தாழ்ந்துபோய், மதகின் வாசல் உயரத்தில் நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலில் ஏறுவதில்லை. இந்தக் குற்றத்துக்கு அயல் ராஜ்யத்தார் பொறுப்பாளி அல்ல. நகரங்களில் நாம் கட்டும் மாடி வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இரண்டாம் நாள் சாயங்காலம் பாலத்தைக் கடந்து திருவையாற்றுக்குள் பிரவேசித்தோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்னும் ஐந்து ஆறுகளால் பெயர் பெற்ற ஊர். தியாகராஜ சுவாமிகள் 1847-இல் சித்தியடைந்த இடம் காவேரிக் கரையிலேயே இருக்கிறது. கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தச் சமாதிக்கு, பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தச் சம்பாத்தியத்தைச் செலவிட்டு 1920-களில் கோயில் எழுப்பினார். பெண்கள் பாடுவதற்கு இடமில்லாதிருந்த ஆராதனையில் அவர்களுக்கும் இடம் தேடித் தந்தார். புஷ்ய பகுள பஞ்சமி நெருங்கிக்கொண்டிருந்தபடியால் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது.

புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து, வீங்கியிருந்த கால்களைத் தண்ணீரில் விட்டோம். எதிர்க் கரையில் மூங்கில்கள் இருளத் தொடங்கின. கல்லணையில் நாம் பார்த்த அந்த ஆறுதான். ஆனால் எவ்வளவோ குறுகிவிட்டது. குறைந்த தண்ணீரெல்லாம் எங்கே போயிற்றென்று இப்போது நமக்குத் தெரியும். வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தோமே!

நேயர்கள் இந்தத் தையில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாளாவது இந்தக் கரையில் நடந்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நெல் எது, கோரை எது என்பதை அவர்களே நமக்குக் காட்டிக் கொடுப்பார்கள்.