பயம் எப்போது போகும்?

குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வரும் சிஸ்டர்கள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இந்தப் பயம் எப்போ போகும்?"

பயம் நியாயமானதுதான். இங்கே பெரும்பாலான மருந்துகளை எடை பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் டோஸ் பத்து மடங்கு. மைக்ரோ டிரிப்பில் 60 சொட்டு சேர்ந்தால்தான் 1 மி.லி. மஞ்சள் நிற 24 கேஜ் வென்ஃப்ளான் ஊசி போட, நூல் போன்ற நரம்பைத் தேட வேண்டும். கூடவே அழும் பிள்ளை, அதைவிட அழும் அம்மா.

செய்யச் செய்யக் கை பழகிவிடும். ஆனால் பழக நேரம் வேண்டும். டோஸைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு சீனியர் வேண்டும். ஒரே ஆள் வார்டு முழுக்க ஓடினால் திறமை வளராது, பயம்தான் வளரும்.

தன்னம்பிக்கை வகுப்பெல்லாம் அப்புறம் நடத்தலாம். முதலில் ஷிஃப்டுக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள்.