குளிர் இருக்கு, சூடுதான் இல்லை

கிரையானிக்ஸ்னு ஒரு சமாச்சாரம் கேள்விப்பட்டிருப்பீங்க. செத்துப்போனவரோட உடம்பை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வெச்சு, என்னிக்காவது வைத்தியம் வந்தா எழுப்பிக்கலாம்கிற நம்பிக்கை. 1967 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டுங்கிற பேராசிரியரைத்தான் முதல்ல இப்படி வெச்சாங்க. இன்னமும் அரிசோனாவில், அல்கார் நிறுவனத்தில் இருக்கார். அங்கே அவரைப் பிணம்னு சொல்றதில்லை, நோயாளின்னுதான் சொல்வாங்க. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த நோயாளிக்கு நடக்கிற கவனிப்பு, குறையக் குறைய நைட்ரஜன் ஊத்துறதுதான். கடுப்பா இருக்குமா இருக்காதா?

இத்தனைக்கும் குளிர் பெரிய விஷயமே இல்லை மக்களே. எங்க கூட்டேரிப்பட்டு பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவரோட கேன்ல இருக்கிறதும் அதே திரவ நைட்ரஜன்தான். உறைவிந்துக் குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில் அரை நிமிஷம் வெச்சா போதும், உயிரணு நீந்த ஆரம்பிச்சுடும். அடுத்த வருஷம் கன்னுக்குட்டி துள்ளும் :)

அப்போ மனுஷன்ல எங்க இடிக்குது? சைஸ்ல! பெரிய உறுப்பு உறையும்போது உள்ளே பனிக்கட்டி ஊசி ஊசியா வளர்ந்து செல்லைக் கிழிச்சுடும். அதுக்கு மருந்து ஏத்தி, கட்டி தட்டாம கண்ணாடி மாதிரி இறுக வைக்கிற வித்தை வந்தாச்சு. ஆனா திரும்பச் சூடாக்கும்போது வெளிப்பக்கம் முந்தி, உள்பக்கம் பிந்தினா விரிசல் விழும், பனியும் மறுபடி முளைக்கும்.

2009-ல் வெளியான ஆய்வில், இப்படி உறைய வெச்ச சிறுநீரகம் ஒரு முயலுக்கு வேலை செஞ்சுது. அடுத்த பெரிய தாவலுக்கு 2023 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியோட சிறுநீரகத்துக்குள்ள இரும்பு ஆக்சைடு நுண்துகளை ஏத்தி, 100 நாள் வரைக்கும் உறைய வெச்சு, காந்தப்புலத்தால் உள்ளும் புறமும் ஒரே சீரா சூடாக்கினாங்க. அந்தச் சிறுநீரகத்தைப் பொருத்தின எலிகள் பிழைச்சுது. 14 வருஷத்தில் முயல்லேர்ந்து எலி! மனுஷன் எப்போ?

'செத்தவன் எழுந்து என்னத்தைக் கிழிக்கப் போறான்'னு சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரல. எங்க பெரியப்பா வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸுக்குப் பாண்டிக்கு பஸ் ஏறுறார். சிறுநீரகத்துக்குப் பேர் பதிஞ்சு காத்திருக்கார். தானமா வர்ற சிறுநீரகம் ஐஸ்ல ஒண்ணரை நாள் தாங்கினாலே அதிகம், இதயம்னா நாலஞ்சு மணி நேரம். 2008-ல் ஹிதேந்திரனோட இதயத்துக்காக சென்னை டிராஃபிக்கையே நிறுத்தினது ஞாபகம் இருக்கில்ல? உறைய வெச்சு எடுக்கத் தெரிஞ்சிருந்தா அந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது. ரத்த வங்கி மாதிரி உறுப்பு வங்கி வெச்சு, பொருத்தமான ஆளுக்கு நிதானமா கொடுக்கலாம்.

பெட்ஃபோர்டுக்கு அவசரமில்லை, அவர் எத்தனை வருஷம் வேணும்னாலும் கிடப்பார். பெரியப்பாவால முடியாது. அவர் உடம்பு கேக்கிறது சாகாவரமில்லை, ஒரே ஒரு சிறுநீரகம். அதைச் சரியா சூடாக்கக் கத்துக்கிட்டா, அல்கார்க்காரங்களுக்கும் அதுதான் முதல் படி.