மூணு சுத்து மாரத்தான்!

கிரிவலம் போய்க்கொண்டிருக்கும் உங்கள் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆறாவது கிலோமீட்டர்" என்று சொல்லவே மாட்டார். "நிருதி தாண்டியாச்சு. வருணன் வரப்போகுது" என்பார். திருவண்ணாமலையில் தூரத்துக்குக் கணக்கு அதுதான். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று வந்து ஈசானியத்தில் முடியும். நடுநடுவே சூரிய லிங்கம், சந்திர லிங்கம், ஆதி அண்ணாமலை, சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம், எண்ணி மாளாத சுக்கு காபிக் கடைகள். இந்த ஊரில் மைல்கல்லுக்கும் கற்பூரம் காட்டுகிறார்கள்!

மொத்தச் சுற்று 14 கிலோமீட்டர். வம்பு இங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் கோஷ்டியில் ஒரு பேங்க்காரன் உண்டு. சென்னை மாரத்தானில் நாலு தடவை ஓடியவன். மெடல்களைப் பூஜை அறையில் மாட்டி வைத்திருக்கிறான். அவன் மனைவியும் வெள்ளிக்கிழமைதோறும் மற்ற படங்களோடு சேர்த்து அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுகிறார். அவன்தான் ஒருநாள் டீக்கடையில் கேட்டான்.

"பதினாலை மூணால பெருக்குடா."

"நாப்பத்திரெண்டு."

"மாரத்தான் எவ்வளவு?"

"42.195 கிலோமீட்டர்."

"அவ்வளவுதான். மலையை மூணு சுத்து சுத்தினா ஒரு மாரத்தான்!"

"195 மீட்டர் உதைக்குதே?" என்றேன். பி.காம். படித்தவன் சார். டிரையல் பேலன்ஸில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி தூக்கம் வராத வர்க்கம்.

அந்த 195 மீட்டருக்கு ஒரு கதை இருக்கிறது. 1896-ல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தபோது தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908-ல் லண்டன் ஒலிம்பிக். அரண்மனை வாசலில் ஆரம்பித்து, ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே முடிய வேண்டும் என்று ஏற்பாடு. அளந்து பார்த்தால் 26 மைல் 385 கெஜம் வந்தது. 1921-ல் அதையே உலகத்துக்கெல்லாம் சட்டமாக்கிவிட்டார்கள். ராஜா வீட்டுக்காரர்களின் சௌகரியத்துக்காக இன்றைக்கு மாம்பலத்துக்காரரும் மயிலாப்பூர்க்காரரும் மூச்சு வாங்குகிறார்கள்.

பேங்க் அசரவில்லை. "இங்கேயும் அப்படித்தான். மூணு சுத்தும் ராஜகோபுரத்துல முடியும். அங்கேருந்து உள்ளே போய் அண்ணாமலையார் சந்நிதியில நின்னா, உன் 195 மீட்டரும் டேலி ஆயிடும்."

217 அடி ராஜகோபுரம். அதற்கு உள்ளே சுமார் 25 ஏக்கர் கோயில். 195 மீட்டருக்கா பஞ்சம்? ஒப்புக்கொண்டேன்.

கோஷ்டியில் மொத்தம் நாலு பேர். நான், பேங்க், ஒரு டிரில் வாத்தியார், ஒரு மளிகைக்கடைக்காரன். இதில் 'நான் வர்றேன்' என்று முதலில் சொன்னவன் மளிகை. பக்கத்துத் தெருவுக்குப் போகவே ஸ்கூட்டரைக் கிளப்புகிறவன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவிக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன், அப்புறம் சென்னைக்கும் ஊருக்குமாகக் கீமோ, ரேடியேஷன். போன தீபாவளியோடு அந்த அலைச்சல் முடிந்தது. 'நல்லபடியா முடிஞ்சா மூணு சுத்து வர்றேன்' என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தான். அண்ணியிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பௌர்ணமி வேண்டாம் என்று முடிவு செய்தோம். அன்றைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மை நடத்திக்கொண்டு போய்விடும். தை மாதத்தில் ஒரு சாதாரண சனிக்கிழமை. பகலில் தார்ரோடு காலைப் பொரித்துவிடும் என்பதால் சாயங்காலம் ஆறு மணிக்குப் புறப்பாடு. கிரிவலத்துக்குச் செருப்பு கிடையாதே! மாரத்தானுக்கு எட்டாயிரம் ரூபாய் ஷூ போடும் பேங்க் தன் வெறும் பாதங்களைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தான். டிரில் வாத்தியார் தைரியம் சொன்னார். "1960 ரோம் ஒலிம்பிக்கில எத்தியோப்பியாவோட அபெபே பிகிலா வெறுங்கால்ல ஓடித்தான் தங்கம் வாங்கினார், 2 மணி 15 நிமிஷத்துல!" அதே பிகிலா 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஜெயித்தார் என்பதையும் அவரே சொன்னார். இரண்டாவது சுற்று முடிந்த பிறகு.

இனி குடும்பப் படை. ஒரு வேனில் என் மனைவி, மளிகையின் மனைவி, பேங்க் மனைவி, புளியோதரை, தயிர் சாதம், இரண்டு குடம் மோர், எலக்ட்ரால் பாக்கெட், அயோடெக்ஸ். மச்சினன் டி.வி.எஸ். மொபெட்டில் முன்னும் பின்னுமாகப் போய், யார் எங்கே நொண்டுகிறார்கள் என்று தகவல் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 66 வயசு. "வேன்ல உட்காரவா வந்தேன்?" என்று முதல் சுற்றுக்கு இறங்கிவிட்டார்.

அக்னி லிங்கம் தாண்டியதும் பேங்க் மெதுவாக ஓட ஆரம்பித்தான். ரோட்டோரம் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "சாமி மலைய சுத்துறியா, பஸ்ஸ வுட்டுட்டியா?"

அதோடு ஓட்டம் நின்றது.

கிரிவலத்துக்கு வேகம் என்ன தெரியுமோ? நிறைமாத கர்ப்பிணியான ஒரு ராணி எப்படி நடப்பாளோ, அப்படி. அடி மேல் அடி வைத்து, குலுங்காமல். ரமணரும் இதைச் சொல்லியிருக்கிறார். ஏதென்ஸில் மாரத்தான் ஓடிய அதே 1896-ல், செப்டம்பர் 1-ம் தேதி மதுரைப் பக்கத்திலிருந்து 16 வயசுப் பையனாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் அவர். 1950-ல் சமாதியாகும்வரை ஊரை விட்டுப் போகவேயில்லை. அடியார்களோடு அவர் கிரிவலம் கிளம்பினால் வழியில் சமைத்துச் சாப்பிட்டு, தங்கி, நிதானமாகத் திரும்பி வருவார்களாம். 1926 வரை போய் வந்துகொண்டிருந்தார். அவர் கையில் ஸ்டாப் வாட்ச் இல்லை.

இன்னொரு டிராபிக் ரூல்: இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது ஓரத்தில் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் வலம் வருகிறார்கள் என்று நம்பிக்கை. ஓவர்டேக் செய்யும்போது யார் மேல் இடிக்கிறோம் என்று தெரியாது, ஜாக்கிரதை!

முதல் சுற்று சுகமோ சுகம். பாதை பெரும்பாலும் சமதளம், நெடுக விளக்கு, இந்தப் பக்கம் காட்டிலிருந்து குளிர்ந்த காற்று, அந்தப் பக்கம் மூலிகை சூப். 2,668 அடி மலை இருட்டில் கூடவே வருகிறது. வளைவுக்கு வளைவு முகத்தை மாற்றிக்கொள்கிறது. அம்மா எங்களுக்கு முன்னால் போய், ஒவ்வொரு லிங்கத்திலும் விபூதி வாங்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்பதரைக்கு ராஜகோபுரம். "ஒண்ணாவது முடிஞ்சுது. நான் போய்ப் படுக்கறேன், நீங்க மெள்ள வாங்க" என்று லாட்ஜுக்குப் போய்விட்டார். வெற்றிகரமாக முடித்த ஒரே ஆள்!

இரண்டாவது சுற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜோக் அடிப்பதை எமலிங்கத்தில் நிறுத்தினோம். பேசுவதை வாயுவில். பகலில் கண்ணுக்கே தெரியாத பொடிக்கல் ராத்திரி ஒன்றரை மணிக்கு உள்ளங்காலில் தன் முழு அட்ரஸையும் சொல்கிறது. 28 கிலோமீட்டர் முடிந்தபோது மணி இரண்டு. வேனில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள் என்று பார்த்தால், மூன்று பெண்களும் பாயை விரித்து, பிளாஸ்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என் காலை எடுத்து மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். கல்யாணத்தில் மெட்டி போடும்போது நான் அவள் காலைப் பிடித்தது. பாக்கியைப் பத்து வருஷம் கழித்து வசூல் செய்துகொண்டேன்.

மளிகையின் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. டிரில் வாத்தியார் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போதும்டா. மிச்சத்தை அடுத்த மாசம் வச்சுக்கலாம்" என்றார். அவன் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். அண்ணி வேன் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவது சுற்று நிருதி வரை ஓடிவிட்டது. அப்புறம்தான் சோதனை. மளிகை நூறு அடி நடப்பான், நிற்பான். பேங்க்குக்கு உள்ளுக்குள் அரிப்பு. "நான் முன்னால போய்க்கிட்டே இருக்கேன்" என்று இரண்டு தடவை சொன்னான். போகவில்லை. மொபெட் தகவல் பறந்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஆதி அண்ணாமலை வந்தபோது வேன் நின்றுகொண்டிருந்தது. அண்ணி ரோட்டில் நின்றார். கழற்றிய செருப்பு வேன் படியில் இருந்தது. தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபையும் எடுத்துவிட்டார். புதிதாக முளைத்த முடி, சின்னப் பையன் கிராப் மாதிரி.

"இங்கேருந்து நானும் வர்றேன்."

"உன்னால முடியாதும்மா. அஞ்சு கிலோமீட்டருக்கு மேல இருக்கு."

"உங்களால மட்டும் முடியுதாக்கும்! எனக்காக வேண்டிக்கிட்டதை நீங்களே மொத்தமா நடந்துடுவீங்களா? எனக்குன்னு கொஞ்சம் வைங்க."

மளிகை வாயைத் திறக்கவில்லை. அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். யார் யாரைத் தாங்கிக்கொண்டு நடந்தார்கள் என்று கடைசி வரை எங்களுக்குப் புரியவில்லை. டிரில் வாத்தியார் என் காதில் சொன்னார். "1908-ல டொராண்டோ பியெட்ரின்னு ஒரு இத்தாலிக்காரன். முதல் ஆளா ஸ்டேடியத்துக்குள்ள வந்து, முடிக்கிற இடத்துக்குக் கொஞ்ச தூரத்துல விழுந்து விழுந்து எழுந்தான். பரிதாபப்பட்டு அதிகாரிங்க கையைப் பிடிச்சுக் கோட்டைத் தாண்ட வச்சாங்க. அதுக்காகவே அவன் ஜெயிச்சது செல்லாதுன்னுட்டாங்க. ராணி அலெக்ஸாண்ட்ரா மனசு கேட்காம ஒரு கப் கொடுத்தாங்க. அந்த ரூல் இங்கே இருந்தா, தினமும் இந்த ரோட்டுல பாதிப் பேர் அவுட்!"

வாஸ்தவம். கண் தெரியாத அப்பாவைப் பிடித்துக்கொண்டு மகள் போகிறாள். தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தர். தடி ஊன்றிய ஒரு பெரியவருக்கு, முன்பின் தெரியாத இளவட்டம் கை கொடுக்கிறான். யாரும் யாரையும் அவுட் ஆக்கவில்லை.

அண்ணி நடந்தார். இருபது அடிக்கு ஒரு மூச்சு, நூறு அடிக்கு ஒரு உட்காரல். அவர் நடையைத் தாண்டாமல் நாங்கள் பின்னால். இரண்டு சுற்றாக முயற்சி செய்தும் வராத அந்த நிறைமாத ராணி வேகம் தானாக வந்துவிட்டது. பேங்க்கின் கைக்கடிகாரத்துக்குத்தான் இது பிடிபடவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதிர்ந்து, 'உடற்பயிற்சி முடிந்துவிட்டதா?' என்று கேட்டுக்கொண்டே வந்தது. அவனும் சளைக்காமல் 'இல்லை', 'இல்லை' என்று அமுக்கிக்கொண்டே வந்தான்.

குபேர லிங்கத்தில் விடிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலை ஐந்து முகமாகத் தெரியும். பஞ்சமுக தரிசனம். மஞ்சள் வெயில் ஒவ்வொரு முகமாக இறங்கி வந்தது. பக்கத்தில் இடுக்குப் பிள்ளையார். பின்பக்கமாக நுழைந்து, படுத்தவாக்கில் ஊர்ந்து முன்பக்கம் வர வேண்டும். அண்ணி சுலபமாக வந்துவிட்டார். டிரில் வாத்தியார் பாதியில் நின்றுபோய், "இழுங்கடா!" என்று உள்ளேயிருந்து அலறியதை அவருடைய மாணவர்கள் யாரும் கேட்கவில்லை என்பதால் இங்கே எழுதலாம்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ராஜகோபுரம். 42 கிலோமீட்டர். கிட்டத்தட்ட பதினாலு மணி நேரம். குளித்து, விபூதி பூசி, பளிச்சென்று அம்மா நின்றிருந்தார். "ஏன் இவ்ளோ நேரம்?"

மிச்சம் 195 மீட்டர். ஞாயிற்றுக்கிழமையாச்சே! தர்ம தரிசன வரிசை வளைந்து வளைந்து நின்றது. அந்த 195 மீட்டருக்கு மட்டும் இரண்டே கால் மணி நேரம்.

வரிசையில் எனக்கு முன்னால் மளிகையும் அண்ணியும். கம்பியில் சாய்ந்தபடி அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். "மார்ச்ல செக்கப் இருக்கு. அதுக்கும் எதையாவது வேண்டிக்கிட்டு வந்து நிக்காதீங்க. உங்க கால் தாங்காது."

"ஏற்கெனவே வேண்டியாச்சு" என்றான் மளிகை.

"எத்தனை சுத்து?"

அவன் பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.