பயாப்ஸி சீட்டு

தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியில் சித்திக்கு ஒரு பக்க சினைப்பைக் கட்டியை எடுத்து நாலு வருஷமாச்சு. சாதாரணக் கட்டிதான், கேன்சர் இல்லை. ஆனாலும் மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் ஏதாவதொரு லேபில் போய் நிற்கிறாள், சி.ஏ.125 பார்க்க.

“எடுத்த இடத்துல திரும்ப முளைக்காதாடி? கோரையப் புடுங்கினா அடியில கெழங்கு நிக்குதுல்ல?”

களை பறித்த கையின் கேள்வி. சும்மா தள்ள முடியாது. பதில் பயாப்ஸி சீட்டில் இருந்தது: டெர்மாய்டு. முடியும் கொழுப்பும் அடைந்த கட்டி. எடுத்தபின் அது புற்றாவது மிக அரிது. ‘பார்டர்லைன்’ என்றிருந்தால் விடாமல் தொடர்ந்து பார்க்கணும். எண்டோமெட்ரியோசிஸ் என்றால் வேறு கணக்கு. ஐரோப்பிய மருத்துவர்களின் 2022 வழிகாட்டுதல்படி, வாழ்நாளில் சினைப்பைப் புற்று வருவது பொதுவாக 1000 பெண்களில் 13 பேருக்கு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் 25 பேருக்கு. இரண்டு மடங்கு என்றால் தூக்கம் போகும். 975 பேருக்கு வராது என்றால் தூங்கலாம். இரண்டும் ஒரே கணக்குதான்.

ரத்தப் பரிசோதனை? பிரிட்டனில் ஐம்பது தாண்டிய 2 லட்சம் பெண்களை வைத்து ஆராய்ந்து 2021இல் முடிவு சொன்னார்கள்: அறிகுறி இல்லாதவர்களைச் சோதித்ததால் சாவு குறையவில்லை.

“சீட்ட ரேஷன் கார்டோட பத்திரமா வை சித்தி. வயிறு உப்பிக்கிட்டே இருந்தா, ரெண்டு வாயிலயே நெறஞ்சுட்டா, அடிக்கடி ஒண்ணுக்கு வந்தா, ரெண்டு வாரம் தாண்டாத. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.”

“அப்ப மாசியில போக வேணாங்கிற?” என்றாள். நம்பின மாதிரி தெரியவில்லை.