உம்மம்மாவின் கணக்கு



எங்கட உம்மம்மாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் மருதமுனையில் அவவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கடையில் 10 ரூபா மிச்சக் காசுக்கு இரண்டு தரம் ஆள் அனுப்புகிறவ. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சத் தெரியாது. காணி உறுதிகளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, மகள்மார் எதிர்த்துப் பேசினால் "அப்ப பார்ப்பம்" என்று தலையணையைத் தட்டுவா.

அவவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், என் உம்மாவும் சாச்சியும். இரண்டு பேருக்கும் 20 வருடமாகச் சரியான பேச்சில்லை. கல்யாண வீடு, மய்யித்து வீடு என்றால் ஸலாம் சொல்வார்கள், அவ்வளவுதான்.

வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருந்த தன்னை 12 வயதில் மறித்துத் தறியில் இருத்தியதும், சாச்சியை மட்டும் ஏ.எல். வரை படிப்பித்ததும் உம்மாவின் மனத்தாங்கல். சாச்சிக்கோ, வீட்டை முழுக்க ராத்தாவுக்கு எழுதியது. எங்கட பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். ஒருத்தி வீடில்லாமல் மாமியார் வீட்டில் 9 வருடம் இருந்தால் அது எவ்வளவு பெரிய குறைச்சல் என்று இங்குள்ள பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2004 டிசம்பர் 26ல் அந்த வீட்டைக் கடல் கொண்டு போனது. உம்மா சின்ன வயதிலிருந்து நெய்து கட்டிய வீடு. அகதி முகாமுக்குச் சாச்சி சோறும் உடுப்பும் கொண்டு வந்த நேரம் உம்மா சொன்னது ஒரே வசனம்: "உன்ட படிப்பு கடலுக்குள்ள போகல்லதானே." அன்றோடு பேச்சு நின்றது. பிறகு கிடைத்த திட்ட வீடும் குடும்பத் தலைவர் என்று வாப்பாவின் பெயரில்தான் பதிவாகியது. "பொம்புளட வீட்ட ஆம்புளட பேர்ல எழுதுற எந்த ஊர்ச் சட்டம்?" என்று உம்மம்மா ஒரு மாதம் ஏசினா. அதில் மட்டும் நான் முழுக்க அவ பக்கம்.

போன வருடம் சாச்சியின் கடைசி மகளுக்குப் பாடசாலையில் கைத்தறி பற்றி ஒரு செயற்றிட்டம். உம்மம்மாவிடம் கேட்க வந்தாள். பாரிசவாதம் வந்த பிறகு உம்மம்மாவின் பேச்சு தெளிவில்லை, எனக்குத்தான் கொஞ்சம் விளங்கும். பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுத்தேன்.

மூத்தாப்பா மௌத்தானது 1974ல். உம்மம்மாவுக்கு 27 வயது. நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த மறுநாள் தறிக்குழிக்குள் இறங்கியிருக்கிறா. வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், சாரன் நன்றாக விலைபோனது. 1977ல் திறந்த பொருளாதாரம் வந்தது. கடைகளில் வெளித்துணி குவிந்தது, முதலாளிமார் விலையைக் குறைத்தார்கள். முன்பு ஒரு தறியில் வந்த காசுக்கு இப்போது இரண்டு தறி ஓட வேண்டும். இரண்டாவது தறியின் மிதிக்குக் கால் எட்டக்கூடியவள் வீட்டில் ஒருத்திதான். சாச்சிக்கு அப்போது 6 வயது.

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். கொப்பியில் எழுதிப் பார்த்தேன். இரண்டு தறி, ஏழு வருடம், ஒரு வீடு. இரண்டாவது வீட்டுக்குக் காசில்லை. அதனால் சின்னவளுக்குப் படிப்பு. "படிச்சா சம்பளம் வரும், சம்பளம் வீடு கட்டும்" என்றா உம்மம்மா. மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தையும் கேட்டு வீட்டையும் கேட்பார்கள் என்பது அவவின் கணக்கில் இருக்கவில்லை.

இதனால் அவ செய்தது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 12 வயதுப் பிள்ளைக்கு விளங்காதென்றால் 20 வயதிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்தாவோ தெரியாது. அந்த அதிகாரம் அவவுக்குப் பிடித்தும் இருந்தது.

தார் சுற்றுவது எப்படி என்று கேட்டபோது உம்மம்மாவின் கை வரவில்லை. குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மா, ஈரக்கையோடு வந்து தங்கச்சிக்குச் சுற்றிக் காட்டினா. காட்டிக்கொண்டே, "உங்கட உம்மாட முதலாவது வெள்ளச் சட்ட நான் நெஞ்ச காசுல எடுத்த. பள்ளிக்கூடம் போன அண்டைக்குத் தலை இழுத்து உட்டதும் நான்தான்" என்றா.

தங்கச்சி போனில் பதிவு செய்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துச் சாச்சி வந்தா. உம்மம்மாவின் அறைக்குப் போகவில்லை, நேரே குசினிக்குப் போனா. எனக்குக் கேட்டது ஒன்றுதான்: "ராத்தா, அது எனக்குத் தெரியா." பிறகு கதவு சாத்தியிருந்தது.

இரண்டு பேரும் பேசுகிறார்கள் என்று உம்மம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனி என்னய ஆரு பாக்கிற?" என்று சந்தேகமாகக் கேட்டா. இப்போது வெள்ளிக்கிழமைகளில் சாச்சி வந்து குளிப்பாட்டுகிறா, மற்ற நாள் உம்மா. சோப்பு யாருடையது கூடுதல் மணம் என்று இரண்டு பேருக்கும் உம்மம்மா மாற்றி மாற்றிச் சொல்லிக் கொடுக்கிறா.

வருகிற பெருநாள் சாப்பாடு சாச்சி வீட்டில். இறைச்சி தான் ஆக்கிக் கொண்டு வருவேன் என்று உம்மா, ஒன்றும் வேண்டாம் என்று சாச்சி. நேற்று இரவு போனில் அரை மணித்தியாலம் சண்டை. வாப்பா ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.